மௌனசாமி வீட்டு மருமகள்

என் மாமனார் சிவசைலம் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஞ்சிப் பச்சடி கேட்காமல் சொதி சாப்பிட்டு எழுந்துபோனார். அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தால் கூடவே இஞ்சிப் பச்சடி இருந்தாக வேண்டும். மாமா அதில் ரொம்பக் கறார். "இஞ்சிப் பச்சடி இல்லாத சொதி, மாப்பிள்ளை வராத கல்யாணம்லா" என்பார். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் அவர் தொண்டையை அறியாதவர்கள் கிடையாது. உப்பு குறைந்தால் ஒரு கூப்பாடு, கூடினால் ஒரு கூப்பாடு, எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், "ஏளா சித்ரா, இன்னைக்கு யாரு சமையலு?" என்று அதற்கும் ஒரு கூப்பாடு. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். மாமனாரை அப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அவர் அந்த வகை.

அன்று நான் பச்சடி வைக்க மறந்திருந்தேன். தோல் சீவிய இஞ்சி அடுக்களை மேடையில் அப்படியே கிடந்தது. அவர் கை கழுவிய பிறகுதான் அதைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தபால் பெட்டியில் கவர் போடுகிற மாதிரி சோற்றை உள்ளே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"வயசாகுதுலா. நாக்கு அடங்கிட்டு. நமக்கு நல்லதுதான?" என்றார் என் மாமியார் பிரம்மநாயகி.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. விடிவதற்கு முன்பே விழித்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அது பிரம்ம முகூர்த்தத் தியானம் என்று ஆனது. பேப்பர் படிப்பது நின்றது. டீக்கடைக்குப் போவது நின்றது. உலக ஆசை விட்டுப்போய்விட்டது என்றார்கள். கோயிலில் ஓதுவார் பதிகம் பாடும்போது இவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற நாலு பேர் அதைப் பார்த்துத் தங்கள் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தால்கூட அதற்கும் ஒரு பெயர் இருந்தது. பேச்சு குறைந்து, குறைந்து, ஆவணி மாதத்தில் ஒரேயடியாக நின்றுபோனபோது அதை மௌன விரதம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் விரதம் கலைந்துவிடுமாம்.

எனக்கு இந்தப் பாதை பழக்கம். நான் நடந்து வந்த பாதை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் பிறந்தபோது நானும் இதே வீட்டில் இதே மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழும். பால் கட்டி ரவிக்கை நனையும். கையை நீட்டித் தூக்க வேண்டும் என்று தெரியும், கை வராது. சாப்பாடு மண்ணாக இருந்தது. யாராவது பேசினால் அது பக்கத்து வீட்டு ரேடியோவாகக் கேட்டது. அப்போது அத்தை எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். "பிள்ள பெத்த திமிரு. நாங்கள்லாம் பெறாத பிள்ளையா?" என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரே வீடு, ஒரே நாற்காலி, ஒரே மௌனம். நான் இருந்தால் ஊமைக்கோட்டான். அவர் இருந்தால் சாமி.

என் அம்மா ஞானம்பாள் ஆழ்வார்குறிச்சியிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். பிள்ளைக்குக் காது குத்தவேண்டும் என்று ஏதோ சொல்லி என்னை ஊருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பாளையங்கோட்டையில் டாக்டர் ஷஃபீகாவிடம் காட்டினாள். மனநல மருத்துவர். மாத்திரை கொடுத்தார், பேச வைத்தார், பிறகும் மாத்திரை கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரை டப்பாவுக்குள் அதைப் போட்டு வைத்து, அத்தை கண் முன்னாலேயே முழுங்கினேன். ஒரு நாள் பிள்ளையின் தலையில் எண்ணெய் வாசம் எனக்குத் தெரிந்தது. அந்த வாசத்துக்கு நான் ஒரு மணி நேரம் அழுதேன். அதோடு சரியாகத் தொடங்கியது. இது என் கணவருக்கும் தெரியாது.

மாமாவுக்கு மௌனசாமி என்று பெயர் வைத்தது அரிசிக்கடை பரமசிவன் அண்ணாச்சி. தன் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது என்று புலம்ப வந்தார். முன்பெல்லாம் மாமா நடுவில் புகுந்து நாலு யோசனை சொல்லி, நாலு பேரைத் திட்டியிருப்பார். இப்போது அண்ணாச்சி பேசி முடிக்கிறவரை அசையாமல் இருந்தார். கடைசியில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணாச்சி கையில் வைத்தார். அந்த வாரமே வரன் கூடிவிட்டது.

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாமி கையால் ஒரு பொருள் வாங்கினால் காரியம் நடக்கும் என்று பேச்சு பரவியது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கும்பிட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரும் கொடுத்தார். பேனா, குடை, ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் போட்ட மோதிரம், அவர் அப்பா வைத்திருந்த ருத்ராட்சம். கடைசியில் சைக்கிளையும் ஒருவன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு உருட்டிப்போனான். சாக நினைக்கிற மனுஷன் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துத் தீர்ப்பான் என்று டாக்டர் ஷஃபீகா ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அதை வரிசையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்கள்.

அத்தைக்கு அப்போது மனசு நிறைந்திருந்தது. நாற்பது வருஷம் கூப்பாட்டைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர். இப்போது கோயிலுக்குப் போனால் பெண்கள் வழிவிட்டு நிற்கிறார்கள். "சாமியம்மா வாராவ" என்கிறார்கள். அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெருமை கண்ணை மறைத்தது, அது நிஜம்.

நான் என் கணவரிடம் சொன்னேன். சிவகணேஷ் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். எந்தக் கம்பத்தில் கோளாறு என்று தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவார். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, "அப்பாவ டாக்டர்ட்ட காட்டணும்" என்றேன்.

"எதுக்கு? சுகரு, பிரஷரு எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"அதுக்கு இல்ல. மனசுக்கு."

அவர் சிரித்தார். "அப்பாவுக்கா? ஊரே அவுக கால்ல விழுது. உனக்கு மட்டும் என்ன தெரிஞ்சிட்டு?"

அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. சொல்லிவிட்டேன். பிள்ளைப்பேறு, பாளையங்கோட்டை, இரும்புச் சத்து டப்பா எல்லாவற்றையும் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடிப்பார், அத்தனை நாள் தனியாகவா கிடந்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்கு. டாக்டருக்கு."

"இவ்வளவு வருஷம் எங்கிட்ட மறைச்சிருக்க."

சாயங்காலத்துக்குள் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அடுக்களை வாசலில் நின்றுகொண்டு முன்னறைக்கும் கேட்கும்படியாகவே பேசினார். "அதான பாத்தேன். பைத்தியத்துக்கு எல்லாரும் பைத்தியமாத்தான் தெரியும். என் பேத்திக்கும் அதெல்லாம் தொத்திருக்கோ என்னமோ." அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் கையில் இருந்த செம்பை ஓங்கித் தரையில் வைத்தேன். அதுவும் எனக்கு எதிராகத்தான் போனது. செம்பு நசுங்கியதைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அதன்பின் அந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும், மாத்திரை தின்றவள் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது.

முன்னறையில் உட்கார்ந்திருந்தவருக்கும் அது கேட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவருக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுப் போகாமல் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன செய்யுது மாமா?"

நெடுநேரம் என்னையே பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. குனிந்தேன்.

"நீ மாத்திரை சாப்பிட்டியாளா?"

"ஆமா மாமா."

"கேட்டுதா?"

"கேட்டுது மாமா. பைய பையத்தான் கேட்டுது. ஆனா கேட்டுது."

தலையை ஆட்டினார். பிறகு நிறுத்தி நிறுத்திப் பேசினார். "உள்ள ஒண்ணும் இல்லளா. வெறுஞ்சட்டியா இருக்கு. சாமின்னு கும்பிடுதாவ. சாமியும் இல்ல, பூதமும் இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு."

"பேசலாம்லா மாமா. ஏன் பேச மாட்டேங்கிய?"

"முதல்ல வாய் வரல. பெறகு... பேசினா எல்லாரும் ஏமாந்துருவாவளேன்னு இருந்துட்டேன். உங்க அத்தை எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாத்தியா?"

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. அவருக்கு முன்னால் உட்கார்ந்தே அழுதேன். அவர் என் தலையைத் தொட வந்து, பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைய அந்த டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

அம்மாவுக்குப் போன் போட்டு, டாக்டர் ஷஃபீகாவிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். வீட்டில் நெல்லையப்பர் கோயிலுக்கு என்று சொன்னேன். கார் பிடித்தால் டிரைவர் எங்கே போனோம் என்று வந்து சொல்லிவிடுவான். பஸ்ஸில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம் என்று நினைத்தேன். மாமா அன்று தானே சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஆனால் அத்தைக்குப் பெருமை தாங்குமா? சாமி நெல்லையப்பரைப் பார்க்கப் போகிறார் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து அது அரிசிக்கடைக்குப் போய், அங்கே இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது பரமசிவன் அண்ணாச்சி ரோஜா மாலையோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

"சாமி நம்ம ஊர விட்டே போகுதாவளாமே? காசிக்காம்லா?" என்று ஒரு அம்மாள் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி அவர் முன்னால் பிள்ளையைக் கிடத்தினாள். அண்ணாச்சி மாலையைப் போட்டார். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இடையில் பத்தடி தூரம்தான். அதற்குள் இத்தனை பேர் தரையில் கிடந்தார்கள். கண்டக்டரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"அண்ணாச்சி, வழிய விடுங்க. பஸ்ஸு கிளம்பிரும்."

"என்னம்மா அவசரம்? நெல்லையப்பரு எங்கயும் போயிர மாட்டாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "கோயிலுக்கு இல்ல அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்கு டாக்டரப் பாக்கப் போறோம். மாமாவுக்கு உடம்பு சரியில்ல."

"என்ன டாக்டரு?"

"மனசுக்குப் பாக்குத டாக்டரு."

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "ஏம்மா, உனக்குக் காட்டணும்னா நீ போயிக் காட்டு. சாமிய எதுக்கு இழுத்துட்டுப் போற?"

அப்போதுதான் என் மாத்திரைக் கதையும் ஊர் முழுக்கத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். சொல்லுங்கள் மாமா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் வாயைத் திறந்தார். சாமி பேசப் போகிறது என்று கூட்டம் அப்படியே அடங்கியது. கைகள் எல்லாம் குவிந்தன. அந்த அம்மாள் அண்ணாந்து அவர் வாயையே பார்த்தாள். அவர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மாலையோடு திரும்பி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பஸ் போய்விட்டது.

வேலையைப் போட்டுவிட்டு சிவகணேஷ் வீட்டுக்கு ஓடி வந்தார். "மாமாவேதான் கேட்டாவ. அவுகளே கூட்டிட்டுப் போகச் சொன்னாவ" என்றேன்.

"எங்கிட்ட பேசாத அப்பா உன்ட்ட பேசினாவளாக்கும்?" என்றார். கோபத்தை விட வருத்தம்தான் அதில் அதிகம். தன் அப்பாவின் குரலை அவர் கேட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நேரே முன்னறைக்குப் போனார். அங்கே அத்தை நின்றார், அண்ணாச்சி நின்றார், கூட வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில், "அப்பா, டாக்டரப் பாக்கணும்னு நீங்களா சொன்னிய?" என்று கேட்டார்.

மாமா இல்லை என்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். மன்னித்துக்கொள் என்று அந்தப் பார்வை சொன்னது. எனக்கு அது கோர்ட்டில் தீர்ப்பு வாசித்ததைப் போல இருந்தது.

"இனிமே அப்பாவ எங்கயும் கூட்டிட்டுப் போகாத" என்றார் சிவகணேஷ்.

நான் விடவில்லை. டாக்டரை வீட்டுக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றார் அந்தப் புண்ணியவதி. அதுவரைக்கும் அவரைத் தனியாக விடாதே என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து என் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினேன். நான் அறிவியல் டீச்சர். சாமியை மருமகள் காவல் காக்கிறாள் என்று அதையும் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்தேன். மாமா இலையில் உட்கார்ந்தார். பரிமாறி முடித்ததும் இலையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏளா சித்ரா, இஞ்சிப் பச்சடி எங்க?"

வீடே அதிர்ந்துபோனது. பழைய தொண்டை இல்லைதான், ஆனாலும் அவர் குரல். என் மகள் "தாத்தா பேசிட்டாவ!" என்று குதித்தாள். அத்தை விரதம் கலைந்ததே என்று வாயில் கை வைத்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. சிவகணேஷ் எழுந்து நின்றேவிட்டார். நான் ஓடிப்போய்ப் பச்சடியைக் கொண்டுவந்து வைத்தேன். மாமா ருசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். பேத்திக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டார். மகனிடம் ஆபீஸ் எப்படிப் போகிறது என்று கேட்டார். அன்று அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தை என்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாமா தெளிந்துவிட்டார் என்று நானும் நம்பினேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மனசும் அப்படித்தான் அமைதியாக இருக்கும் என்று டாக்டர் ஷஃபீகா பிறகு சொன்னார்.

மறுநாள் கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை. நாங்கள் எழுவதற்கு முன்பே ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். படித்துறையில் அவருடைய செருப்பும் துண்டும் கண்ணாடியும் இருந்தன. துண்டை மடித்து, அதன் மேல் கண்ணாடியை வைத்திருந்தார். மழைக்காலத் தாமிரவருணி கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் கீழே அணைக்கட்டுப் பக்கத்தில் கிடைத்தார்.

கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீசில் எழுதிக்கொடுத்தார் சிவகணேஷ். அண்ணாச்சி ஜலசமாதி என்றார். சோமவாரத்தில் ஆற்றுத்தாயே வந்து கூட்டிக்கொண்டாள், அதற்குத்தான் முதல் நாள் எல்லோரிடமும் பேசி விடைபெற்றார் என்றார். சாயங்காலத்துக்குள் மாலையோடு மாமாவின் படம் போட்டு பிளெக்ஸ் வந்துவிட்டது. அந்தப் படத்தில் இருந்தது பஸ் ஸ்டாண்டில் போட்ட அதே ரோஜா மாலை. அதை வைத்தவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று யாரையாவது அடித்திருப்பேன். என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு சிவகணேஷ் அடுக்களைக்கு வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியும் சித்ரா" என்றார். "எனக்கே அவுகதான் கத்துக்குடுத்தாவ."

நான் குழாயைத் திறந்து விட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் அழுதார்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் குருபூஜை வைத்தார்கள். சிவகணேஷ் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை, சாமி உங்களுக்கு மட்டுமா சொந்தம் என்றார் அண்ணாச்சி. எங்கள் வாசலிலேயே பந்தல் போட்டு அன்னதானம். சாமிக்குப் பிடித்தது என்று சொதியும் இஞ்சிப் பச்சடியும். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அத்தையைக் கும்பிட்டார்கள். அத்தை மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டவர்களைப் பார்க்கவில்லை. முன்னால் வைத்த இலையைத் தொடவில்லை. ஈ மொய்த்ததைக்கூட விரட்டவில்லை.

கொஞ்ச நாளாகவே அப்படித்தான். என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். திட்டாத மாமியாரைக் கண்டு பயந்த மருமகள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அம்மாவுக்கும் பக்குவம் வந்துட்டு" என்று அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கையில் இருந்த சொதி வாளியைக் கீழே வைத்துவிட்டு அத்தையிடம் போனேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்கு என்ன செய்யுது அத்தை?"

வெளியே அரோகரா சத்தம் கேட்டது. அத்தை என் கையை விடவில்லை.

"அவுக உன்ட்ட நெசமாவே பேசினாவளா?"

"பேசினாவ அத்தை."

"என்ன சொன்னாவ?"

எதை மறைக்க? எல்லாவற்றையும் சொன்னேன். வெறுஞ்சட்டி என்றதைச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது என்றதைச் சொன்னேன். உங்க அத்தை எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பார் என்றதை மட்டும் விட்டுவிட நினைத்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தே இன்னும் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். "சொல்லு" என்றார். சொன்னேன். அத்தை அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் வெறுஞ்சட்டியாத்தான் இருக்கு" என்றார் பிறகு. "உனக்கு மாத்திரை குடுத்தாளே, அந்த டாக்டரம்மா இன்னும் இருக்காளா?"

"இருக்காவ அத்தை."

"நாளைக்குப் போவோம்" என்றார். கார் சொல்கிறேன் என்று சிவகணேஷ் சொன்னபோது, வேண்டாம், பஸ்ஸிலேயே போகிறோம் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் பரமசிவன் அண்ணாச்சி கடைப் பையனோடு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி ஓடி வந்தார். பஸ் படிக்கட்டுக்கு முன்னால் வந்து நின்றார். மாமா கொடுத்த கடிகாரம் அவர் கையில் இருந்தது.

"சாமியம்மா எந்தக் கோயிலுக்கு எழுந்தருளுதிய?"

அத்தை அந்தக் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நாற்பது வருஷம் மாமாவிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட தொண்டையில், பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"மனசுக்குப் பாக்குத டாக்டர்ட்ட போறேன் அண்ணாச்சி. அவுகள இந்த எடத்துலதான் மறிச்சிய. என்னைய மறிக்காதிய. வழிய விடுங்க."